வீடியோ கேமில் வரலாறு: அறிவிப்பாளர் யார்?

ஆன்லைன் விளையாட்டுகள் பற்றிய பேச்சு நம் நாட்டில் எப்போதும் இரண்டு விஷயங்களையே சுற்றி வருகிறது. ஒன்று பணம், இன்னொன்று அடிமைத்தனம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும், கல்வி சார்ந்த விளையாட்டுகளையும் ஊக்குவிக்கப் போவதாகச் சொல்கிறது. தமிழ்நாடு அரசு அதற்கு முன்பே 2022இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று விதி போட்டது. ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக் கொண்டவர்களின் குடும்பங்களைப் பார்த்த எவரும் இவற்றை எதிர்க்க மாட்டார்கள். சூதாட்டம் நம் மார்க்கத்தில் தெளிவாகத் தடுக்கப்பட்டது; அதில் விவாதத்துக்கு இடமில்லை.

ஆனால் பணமே இல்லாத விளையாட்டு ஒன்று நம் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக் கொடுக்கிறது என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. ‘கேம் விளையாடாதே’ என்ற பயானும், ‘போனைக் கீழே வை’ என்ற வீட்டுச் சத்தமும் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. எந்த விளையாட்டு கூடும், எது கூடாது என்ற ஃபத்வாவை முஃப்திகளிடம் விட்டுவிடுவோம். தொழுகையை விழுங்கும் எதுவும் கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாம் இங்கே பார்க்க வருவது வேறு: பிள்ளைகளின் மனதில் வரலாறு எங்கிருந்து போய் உட்காருகிறது என்பது.

பனவடலிசத்திரம் சங்கரன்கோவில் – திருநெல்வேலி சாலையில் உள்ள ஊர். பெயரிலேயே வழிப்போக்கர் தங்கும் சத்திரம் இருக்கிறது. இங்கே பெரிய கம்ப்யூட்டர் வைத்து விளையாடும் வீடுகள் குறைவு. ஆனால் விளையாட வேண்டும் என்ற அவசியமே இப்போது இல்லை. யாரோ ஒருவர் விளையாடுவதைத் தமிழ் வர்ணனையோடு யூடியூபில் பார்க்கிறார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு போனைச் சுற்றி நான்கு தலைகள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: “ஹஜ்ரத், ஸலாஹுத்தீன் அய்யூபிக்கு சிலுவைப் படையை எதிர்க்க அஸாஸின்மார்தானே ஒத்தாசை பண்ணாங்க?”

அவனுக்கு ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) பெயர் தெரிந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அவன் தெரிந்துகொண்ட செய்தி தலைகீழானது. அவன் பார்த்தது ‘அஸாஸின்ஸ் கிரீட்’ என்ற, 2007இல் வெளிவந்த பிரெஞ்சு நிறுவனத்தின் விளையாட்டு. கதை 1191ஆம் ஆண்டு, மூன்றாம் சிலுவைப் போர்க் காலத்தில், டமாஸ்கஸ், அக்கா, ஜெருசலம் ஆகிய மூன்று நகரங்களில் நடக்கிறது. கதாநாயகன் அரபுப் பெயர் கொண்டவன். அவனுடைய கோட்டை சிரியாவின் மஸ்யாஃப். அவன் எதிரிகள் டெம்ப்ளர் வீரர்கள். பார்க்கும் முஸ்லிம் பையன், ‘நம்ம ஆள்’ என்று முடிவு கட்டிவிடுகிறான்.

உண்மை என்ன? மஸ்யாஃபில் இருந்தவர்கள் நிஸாரி இஸ்மாயீலிகள். ஸலாஹுத்தீனைக் கொல்ல அவர்கள் 1175இலும் 1176இலும் இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். இரண்டாம் முறை, அஸாஸ் முற்றுகையின்போது, அவர் அணிந்திருந்த கவசம் அவரைக் காத்தது. அதன் பின்னர் அவர் மஸ்யாஃபையே முற்றுகையிட்டார். பிறகு சமாதானமாகி விலகினார். 1192இல் டைர் நகரில் சிலுவைப் படைத் தலைவர் கொன்ராடைக் குத்திக் கொன்றதும் இவர்கள்தான். ஆக அவர்கள் எல்லாப் பக்கமும் வெட்டியவர்கள். எவருக்கும் ‘ஒத்தாசை’ அல்ல. டெம்ப்ளர்களின் தலைவர் ராபர்ட் தெ சாப்லே விளையாட்டில் 1191இலேயே அர்சூஃபில் கொல்லப்படுகிறார். வரலாற்றில் அவர் இறந்தது 1193இல். விளையாட்டின் கொள்கை முழக்கத்துக்கு ஊற்றுக்கண்ணாக இருந்தது 1938இல் ஸ்லோவேனிய எழுத்தாளர் விளாதிமிர் பார்த்தல் எழுதிய ‘அலமூத்’ என்ற நாவல். நாவலாசிரியரின் கற்பனை விளையாட்டாகி, விளையாட்டு யூடியூபாகி, நம் திண்ணைக்கு வரலாறாக வந்து சேர்ந்திருக்கிறது.

மத்ரஸாவில் படித்தவர்களுக்கு இது பழகிய பிரச்சினை. ஒரு செய்தி வந்தால் முதல் கேள்வி ‘யார் சொன்னார்?’. அவருக்கு யார் சொன்னார்? இடையில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறதா? ஹதீஸ் கலையின் அடிப்படையே இதுதான். பின்னர் கல்லூரியில் கலைப் படிப்புக்குப் போனபோது, அங்கே ‘சான்றுத் திறனாய்வு’ என்ற பெயரில் அதே வேலையைச் செய்யச் சொன்னார்கள். 1377இல் தன் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்), வரலாற்றில் பொய் நுழையும் வழிகளை எண்ணிச் சொல்கிறார்: சார்பு, அறிவிப்பாளரை அப்படியே நம்புதல், எண்ணிக்கையை ஊதிப் பெருக்குதல். மூஸா நபியின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்ததாக மஸ்ஊதி எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் ஒரு களத்தில் அணிவகுக்க முடியுமா என்று கணக்குப் போட்டு மறுக்கிறார். விளையாட்டுகளில் தவறு எதிர்த்திசையில். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டில் ஒரு பேரரசின் மொத்த மக்கள் தொகைக்கு வழக்கமான வரம்பு 200. விறகு வெட்டுபவரும் அதில் அடக்கம்.

அந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ பற்றி நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். 1999இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் ஸலாஹுத்தீன் அய்யூபியின் வரலாறு ஆறு கட்டங்களாக வருகிறது. கதை சொல்பவர் முஸ்லிம் அல்ல. முஸ்லிம் படையிடம் சிக்கிய ஒரு சிலுவை வீரர். போகப்போக எதிரியின் பண்பைப் பார்த்து அவர் மனம் மாறுகிறது. அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு விளையாட்டு, ஒரு முஸ்லிம் சுல்தானைக் கண்ணியமாகக் காட்டியதால், அவரைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்ட பிற நாட்டு இளைஞர்கள் ஏராளம். இதை மறுப்பது நியாயமில்லை. ஆனால் விளையாட்டு என்ற வடிவத்துக்கே ஒரு குறை உண்டு. 1187 ஜூலை 4 ஹித்தீன் போரை அதனால் காட்ட முடியும். அக்டோபர் 2 அன்று ஜெருசலம் பேச்சுவார்த்தையால் கைமாறியதை, ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் என்று மீட்புத்தொகை பேசி மக்களை வெளியேற விட்டதை, பணம் இல்லாத ஏழைகள் பலரைச் சும்மாவே விடுவித்ததை எந்தப் பொத்தானை அழுத்திக் காட்டுவது? 1099இல் சிலுவைப் படை அதே நகரில் ஓடவிட்ட இரத்தத்தோடு ஒப்பிட்டால்தான் அந்த நாளின் எடை தெரியும். வெற்றி என்றால் எதிரியின் கட்டடம் இடிந்து விழ வேண்டும் என்று பழகிய விரலுக்கு, மன்னிப்பு ஒரு வெற்றியாகத் தோன்றாது.

2021இல் வந்த நான்காம் பாகத்தில் டெல்லி சுல்தானகம் இருக்கிறது. அதில் ஒரு ஏற்பாடு நம்மை ஆச்சரியப்பட வைத்தது. மற்ற அரசுகள் தொழில்நுட்பங்களைப் பொன் கொடுத்து வாங்க வேண்டும். டெல்லிக்கு எல்லாம் இலவசம். ஆனால் மெதுவாகத்தான் கிடைக்கும். அறிஞர்களைப் பள்ளிவாசலுக்குள் அமர்த்தினால் ஆராய்ச்சி வேகம் பிடிக்கும்! கனடாவில் உட்கார்ந்து இதை வடிவமைத்தவர்களுக்கு, ஓர் இஸ்லாமிய அரசில் பள்ளிவாசலும் கல்வியும் ஒட்டியிருந்தன என்பது தெரிந்திருக்கிறது. இங்கே என்ன நடக்கிறது? 2023இல் என்.சி.இ.ஆர்.டி. 12ஆம் வகுப்பு வரலாற்றிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தை நீக்கியது. 2025இல் வந்த புதிய 7ஆம் வகுப்பு நூலின் முதல் பகுதியில் டெல்லி சுல்தான்களும் இல்லை, முகலாயர்களும் இல்லை. அதே ஆண்டு வந்த 8ஆம் வகுப்பு நூல் அவர்களைக் கொண்டுவருகிறது. எப்படிப்பட்ட கோணத்தில் என்பதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். தமிழ்நாடு அரசுப் பாடநூல்களில் இன்னும் டெல்லி சுல்தானகமும் முகலாயரும் தனித்தனிப் பாடங்களாக இருப்பது நமக்கு ஆறுதல். ஆனால் வரைபடத்தில் பாருங்கள்: பாடநூல் வெட்டும் இடத்தை விளையாட்டு நிரப்புகிறது. காலியாக விட்ட இடம் காலியாகவே இருப்பதில்லை.

நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். 2022 ஏப்ரலில் அந்த இரண்டாம் பாகத்துக்கு ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற இணைப்பு வந்தது. அதுவரை ‘இந்தியர்கள்’ என்ற ஒரே மூட்டையில் கட்டியிருந்தவர்களைப் பிரித்து, திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர், இந்துஸ்தானிகள் என்று நான்காக்கினார்கள். திராவிடருக்கான கதை இராசேந்திர சோழன். உருமி வாள் வீசும் வீரன் உண்டு, பெரிய போர்க்கப்பல் உண்டு, நம் பகுதி உருக்கு எஃகின் பெயரும் உண்டு. தமிழ் இளைஞர்கள் கொண்டாடியதில் தவறில்லை. பாபரின் கதையும் அதே தொகுப்பில் இருக்கிறது என்பதைக் கொண்டாடியவர்கள் அதிகம் பேசவில்லை, போகட்டும்.

அந்த விளையாட்டில் திராவிடருக்குக் குதிரைப்படை மிகவும் பலவீனம். வடிவமைத்தவர்கள் யோசித்தே செய்திருக்கிறார்கள்: தென்னாட்டுத் தட்பவெப்பத்துக்கு நல்ல குதிரை வளராது. சரியான தகவல். ஆனால் அந்தக் குறையைப் பாண்டியர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்ற கதை விளையாட்டில் இல்லை. அது நம் கதை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் காயல் துறைமுகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நிற்பதை எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே கொடுக்கிறார்: மஅபர், கம்பாயத் முதலிய துறைமுகங்களுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒரு குதிரையின் விலை 220 தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டிய மன்னர் விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இத்தனை கவனிப்பு தெரியாமல் குதிரைகள் இங்கே வந்து சீக்கிரம் செத்தன என்றும், லாடம் கட்டத் தெரிந்தவர்களை வியாபாரிகள் வேண்டுமென்றே அழைத்து வரவில்லை என்றும் மார்க்கோ போலோ குறை சொல்கிறார். வியாபாரி வியாபாரிதான்.

பாண்டியனின் படையை ஓட வைத்தது அரபுக் குதிரை. அதைக் கரை சேர்த்தது முஸ்லிம் வணிகர். அதற்கு விலை கொடுத்தது இந்தத் தென்பாண்டிச் சீமையின் முத்து. சைவ மன்னனும் முஸ்லிம் வணிகரும் ஒருவரை ஒருவர் நம்பி நூறாண்டுக்கு மேல் நடத்திய வியாபாரம். ‘முஸ்லிம்கள் வாளோடு வந்தார்கள்’ என்று சொல்பவருக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை. விளையாட்டு இதைப் பொய்யாக்கவில்லை, விட்டுவிட்டது. விடுபட்டதைக் கண்டுபிடிப்பது பொய்யைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

பொய்யாக்கப்பட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1991 பிப்ரவரி 26, 27 தேதிகளில், குவைத்திலிருந்து பஸ்ராவுக்குப் போகும் 80ஆம் நெடுஞ்சாலையில் பின்வாங்கிக் கொண்டிருந்த இராக்கியர்களின் வாகன வரிசையை அமெரிக்கா தலைமையிலான கூட்டணி விமானங்கள் முன்னும் பின்னும் அடைத்துக் குண்டு போட்டு எரித்தன. கருகிய வாகனங்களின் படங்களை உலகம் பார்த்தது. ‘மரண நெடுஞ்சாலை’ என்ற பெயர் அப்படி வந்தது. 2019இல் வெளிவந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ விளையாட்டில் அதே பெயரில் ஒரு கட்டம் இருக்கிறது. இடம் கற்பனை நாடு. குண்டு போட்டது யார் என்று சொல்கிறார்கள் தெரியுமா? ரஷ்யர்கள். ஊரின் பெயரை மாற்றினார்கள், கொன்றவனின் பெயரையும் மாற்றினார்கள். சாலையின் பெயரை மட்டும் வைத்துக் கொண்டார்கள். 1991இல் பிறக்காத ஒரு பிள்ளை நாளை ‘மரண நெடுஞ்சாலை’ என்று கேள்விப்பட்டால் அவன் நினைவில் வருவது எது? ரஷ்யாவின் மீது நமக்குத் தனிப் பரிவு ஒன்றும் இல்லை. செச்னியாவும் அலெப்போவும் நமக்குத் தெரியும். அவரவர் செய்ததை அவரவர் கணக்கில் எழுதுங்கள் என்பதே நம் கோரிக்கை.

இராக்கின் ஃபல்லூஜாவில் 2004 நவம்பரில் நடந்த போரை வைத்து ‘சிக்ஸ் டேஸ் இன் ஃபல்லூஜா’ என்று ஒரு விளையாட்டு செய்தார்கள். 2009இல் எதிர்ப்பு கிளம்பி ஜப்பானிய வெளியீட்டாளர் விலகினார். 2021இல் அது மறுபடி தலை தூக்கியபோது, அமெரிக்க இஸ்லாமிய உறவுகள் கவுன்சில் அதை விற்க வேண்டாம் என்று பெரிய நிறுவனங்களைக் கேட்டுக் கொண்டது. 2023இல் விற்பனைக்கு வந்துவிட்டது. அந்த நகரில் குடியிருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவை உதைத்துத் திறப்பது இன்னொருவருக்குப் பொழுதுபோக்கு.

அதனால்தான் பாலஸ்தீனத்தின் நாப்லஸைச் சேர்ந்த ரஷீத் அபூஈதா செய்த வேலை முக்கியமாகப் படுகிறது. 2014 காஸா போரில் ஒரு தந்தை தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடுவதை ‘லைலா அண்ட் தி ஷேடோஸ் ஆஃப் வார்’ என்ற சிறு விளையாட்டாக 2016இல் வெளியிட்டார். ஆப்பிள் நிறுவனம் முதலில் இதை ‘விளையாட்டு’ என்ற பிரிவில் சேர்க்க மறுத்தது. விமர்சனம் எழுந்தபின் சேர்த்துக் கொண்டது. அமெரிக்க வீரன் அரபு நகரத்துக்குள் சுட்டுக்கொண்டே போனால் விளையாட்டு. அரபுத் தந்தை மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் விளையாட்டு இல்லை! 2024 இறுதியில் அவர் 1948 நக்பாவைப் பற்றிய அடுத்த விளையாட்டுக்காக லான்ச்குட் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். பெரிய நிறுவனம் எதுவும் தேவைப்படவில்லை. தன் பாட்டனாரின் கதையைத் தானே சொல்லும் ஒருவர் போதும்.

இப்போது நம் ஊர்ப் பக்கமே ஒரு கதை கிடக்கிறது. சங்கரன்கோவிலுக்கு மேற்கே நெற்கட்டும்செவல். பூலித்தேவரின் பாளையம். 1755இல் கர்னல் ஹெரானோடு வரி வசூலிக்க வந்த படையில் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ் கான் இருந்தார். கம்பெனிச் சிப்பாய்களின் தளபதி யூசுப் கானும் இருந்தார். சிறிது காலத்தில் மாபூஸ் கான் பூலித்தேவர் பக்கம் சேர்ந்துவிட்டார். மதுரை, திருநெல்வேலிச் சீமையில் சந்தா சாகிப் விட்டுச்சென்ற பட்டாணியத் தளபதிகளும் பூலித்தேவரோடு நின்றார்கள். எதிர்ப்பக்கம் கம்பெனிக்காகப் போரிட்டு 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் கோட்டைகளைப் பிடித்தவர் யூசுப் கான். அதே யூசுப் கான் 1763இல் கம்பெனிக்கும் நவாபுக்கும் எதிராகத் திரும்பினார். மதுரைக் கோட்டைக்குள் இருந்து இரண்டு முற்றுகைகளைத் தாங்கினார். சொந்த ஆட்களே பிடித்துக் கொடுத்தபின் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் பெயரில் தர்கா இருக்கிறது. 1997இல் கமல்ஹாசன் தொடங்கிய ‘மருதநாயகம்’ இவர் கதைதான். இங்கிலாந்து ராணி வந்து தொடங்கிவைத்தும் படம் முடியவில்லை.

விளையாட்டில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு நிறம் வேண்டும். நீலம், சிவப்பு, பச்சை. இந்தக் கதையில் யாருக்கு எந்த நிறம்? பூலித்தேவரின் கோட்டைக்குள் முஸ்லிம்கள். வெளியே பீரங்கியோடு நிற்பவரும் முஸ்லிம். இருவருமே கடைசியில் கம்பெனியின் பகைவர்கள். இன்று வரலாற்றை ‘அவங்க – நாங்க’ என்று இரண்டு வண்ணத்தில் பூசி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு இந்த ஒரு பத்தாண்டு பெரும் தொல்லை. நம் பிள்ளைகளுக்கு யூசுப் கான் நம்மவர் என்று மட்டும் சொல்லி, அவர் நெற்கட்டும்செவலில் என்ன செய்தார் என்பதை மறைத்தால், நாமும் அந்த வாட்ஸ்அப்காரர் செய்வதையே செய்கிறோம்.

பெற்றோருக்குச் சொல்வது இதுதான். பையன் அஸாஸினைப் பற்றிக் கேட்டால் போனைப் பிடுங்காதீர்கள். கேள்வி வந்த நேரத்தை விடாதீர்கள். ‘இதைச் செய்தது எந்த நாட்டுக்காரன்? கதை யார் வாயிலிருந்து வருகிறது? இதில் யாருக்குப் பேச வாய்ப்பே இல்லை?’ என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் உங்களுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவனையே நூலகத்துக்கு அனுப்புங்கள். 2023இல் வந்த ‘அஸாஸின்ஸ் கிரீட் மிராஜ்’ 9ஆம் நூற்றாண்டு பக்தாதைக் காட்டுகிறது. அதற்குள்ளேயே அருங்காட்சியகப் பொருள்களின் படங்களோடு வரலாற்றுக் குறிப்புகளை வைத்திருக்கிறார்கள். அதைக் கொலைக் கட்டங்களைத் தாண்டிப் படிக்கலாம், நன்றாகவே இருக்கிறது. கூடவே, கலீஃபா மன்ஸூர் 762இல் கட்டத் தொடங்கிய அந்த வட்ட நகரத்தின் ஒரு செங்கல்லும் இன்று தரைக்கு மேல் இல்லை, திரையில் தெரிவது நூல்களை வைத்து வரைந்த ஊகம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மக்தப் நடத்தும் ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒரு நாள் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றினால் போதும். காலையில் நெற்கட்டும்செவல், பகலில் வாசுதேவநல்லூர், இன்னொரு ஆண்டு காயல்பட்டினமும் பழையகாயலும், அதற்கடுத்த ஆண்டு சம்மட்டிபுரம். செலவு ஒரு போனின் விலையைவிடக் குறைவு. அக்டோபர் 15 பள்ளிக்கூட நாளாக இருந்தால் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம்.